தோட்டத்து அம்மன்

ரப்பர் நின்ற நிலமெல்லாம் செம்பனையாகிவிட்ட கோலா சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பிறந்து, இருபது பிராயம் கடந்து நிற்கும் என் உள்ளத்தை வாட்டும் அச்சம் மரணத்தைப் பற்றியதன்று. தொழிலாளர் லயங்கள் காலியாகி, ஜனங்கள் பட்டணம் சேர்ந்தபின், எங்கள் முன்னோர் பிரதிஷ்டை செய்த மாரியம்மனுக்கு விளக்கேற்றுவார் யார் என்பதே அது. தெய்வம் சர்வவியாபி எனில், இடம்பெயர்வதில் இழப்பேது? புக்கிட் ரோத்தானில் 2013-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் அன்னையின் 51 வடிவங்களையும் வியந்து வணங்கினேன். எனினும் மனம், பிரட்டு எனும் காலைப் பெயரழைப்புக்குப் புறப்படுமுன் விடியலிருளில் என் பாட்டி கற்பூரம் கொளுத்திய தகரக்கூரைச் சந்நிதியையே நாடியது. எங்கும் நிறைந்ததை மனிதன் ஓரிடத்தில், ஓருருவில்தான் நேசிக்கக் கற்கிறான் என்று திடமாக நம்புகிறேன். ஆகையால், உத்தியோகம் எங்கு வாய்ப்பினும், ஆண்டுதோறும் திருவிழாவுக்குத் தோட்டம் திரும்பும் விரதம் தவறாதிருக்க வேண்டுமென்பதே அம்மனிடம் நான் வைக்கும் பிரார்த்தனை.