எரித்த காகிதம் யாருடையது?

வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவன் தன் பெட்டியில் கிடந்த பழைய கடிதங்களைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போகிறான். அது குற்றமா? குற்றமில்லை என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். கடிதம் அவனுடையது, அதிலுள்ள அசட்டுத்தனமும் அவனுடையது. அடுத்துக் குடிவருகிறவன் அதைப் படித்துச் சிரிக்க வேண்டும் என்று எந்த தர்மமும் விதிக்கவில்லை.

காலி செய்கிறவன் ஒரு சர்க்கார், காலி செய்யப்படுவது ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே பதிலைச் சொல்லலாமா?

இது நான் கற்பனையாக எழுப்பும் கேள்வி அல்ல. 1961-ம் ஆண்டில் பிரிட்டனின் காலனி மந்திரியாக இருந்த இயன் மக்லவுட், விடுதலை பெறவிருந்த நாடுகளில் இருந்த தம் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். புதிய சர்க்காரின் கைக்குப் போகக் கூடாத காகிதங்கள் எவை என்று அது வரையறுத்தது. மகாராணியின் அரசாங்கத்துக்குச் சங்கடம் உண்டாக்கக்கூடியவை. போலீசாருக்கும் ராணுவத்தாருக்கும் துப்புக் கொடுத்தவர்களுக்கும் சங்கடம் உண்டாக்கக்கூடியவை. இத்தகைய காகிதங்கள் லண்டனுக்குப் போக வேண்டும்; அல்லது அழிந்துபோக வேண்டும். எரித்தால் சாம்பலையும் பொடியாக்கிவிட வேண்டும் என்றும், கடலில் போட்டால் பெட்டிக்குப் பாரம் கட்டி, கரைக்கு வெகு தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் இறக்க வேண்டும் என்றும் இந்தக் காரியத்துக்கென்றே விதிகள் இருந்தன.

கென்யாவில் இந்த வேலை நடந்த விதத்தைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் பிரமிப்பாகவே இருந்தது. மறைக்க வேண்டிய பைல்களுக்கு ஒரு தனி முத்திரை. அவற்றைத் தொட உரிமை பெற்றவர், ஐரோப்பிய வம்சத்தில் வந்த பிரிட்டிஷ் பிரஜையாகிய அதிகாரி மட்டுமே. கட்டிலிருந்து ஒரு பைலை உருவினால் அந்த இடம் காலியாகத் தெரியுமே! அதற்காக அந்த இடத்தில் ஒரு பொய்ப் பைலைத் தயாரித்து வைக்கச் சொன்னார்கள். இல்லாததை இருப்பதுபோல் எழுதுவது கதைக்காரனாகிய என்னுடைய தொழில். சர்க்கார் குமாஸ்தா என்னை மிஞ்சிவிட்டார்!

இன்னொரு வேடிக்கை உண்டு. இன்ன காகிதம் எரிக்கப்பட்டது என்று அத்தாட்சிப் பத்திரம் எழுதி லண்டனுக்கு அனுப்ப வேண்டுமாம். குற்றத்தை மறைக்கலாம், எழுதிவைக்கும் பழக்கத்தை விட முடியவில்லை.

அப்படி மறைக்க என்ன இருந்தது? 1952 அக்டோபரில் கென்யாவில் அவசர நிலை பிரகடனமாயிற்று. மௌ மௌ கிளர்ச்சியை அடக்குவதற்காகப் பல்லாயிரம் பேரை விசாரணையின்றி முகாம்களில் அடைத்தார்கள். பலரைச் சித்திரவதை செய்தார்கள். அடித்துப் பணியவைக்கும் முறைக்குச் சட்டப் போர்வை தேடிக்கொடுத்த அந்நாட்டு அட்டர்னி ஜெனரல், பாவம் செய்தே தீர வேண்டுமானால் ஓசைப்படாமல் செய்ய வேண்டும் என்று 1957-ல் கவர்னருக்கு எழுதினார். அந்தக் காகிதம் எப்படியோ பிழைத்துவிட்டது.

1959 மார்ச் மாதம் ஹோலா என்ற முகாமில் பதினொரு கைதிகள் காவலர்களின் தடியடியால் மாண்டார்கள். சர்க்காரின் முதல் அறிக்கை, அவர்கள் தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்றது. பிரேத பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. காகிதமும் பொய் சொல்லும். ஒரு காகிதத்தின் பொய்யைக் காட்டிக்கொடுக்க இன்னொரு காகிதம் உயிரோடிருக்க வேண்டும்.

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் உணர்ச்சிவசப்படுகிறவர் அல்ல.

“சார், நீங்கள் பாட்டுக்கு எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்று என்கிறீர்கள். கரையானுக்கும் மழை ஒழுக்கலுக்கும் நடுவே இருந்து பார்த்தால் தெரியும். எங்களுக்கே கணக்கு உண்டு. நி.மு. என்று முடித்தால் நிரந்தரம், ப.மு. என்றால் பத்து வருஷம், மூ.மு. மூன்று வருஷம், ஓ.மு. ஒரே வருஷம். தவணை முடிந்தால் அழிக்கத்தான் வேண்டும். அழிப்பது பாவமென்றால் நாங்களெல்லாம் மகா பாவிகள். அதிருக்கட்டும், துப்புக் கொடுத்தவன் பெயரை அப்படியே விட்டுப் போனால், மறுநாள் அவன் குடும்பத்தை ஊரார் சும்மா விடுவார்களா?”

அவர் எழுப்பியவை இரண்டு ஆட்சேபங்கள். இரண்டும் நியாயமானவை, இரண்டுக்கும் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

முதலாவது, அழிப்பதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வருஷத் தவணைக் காகிதத்துக்கு விதி முன்கூட்டியே எழுதப்பட்டது. அது யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று பார்த்து எழுதப்பட்டதல்ல. அதனால் யாருக்கு இனி என்ன பயன் என்பதே அங்கே கேள்வி. மக்லவுட்டின் உத்தரவு கேட்ட கேள்வியோ, அதனால் நமக்கு என்ன அவமானம் என்பது. களை பிடுங்குகிறவன் கையிலும் அரிவாள் இருக்கிறது, கழுத்தை அறுக்கிறவன் கையிலும் அரிவாள் இருக்கிறது. அதற்காக இருவரும் ஒன்றாகிவிடுவார்களா?

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. துப்புக் கொடுத்தவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு; அவர்கள் உயிரும் உயிர்தான். ஆனால் அவர்களைக் காப்பாற்றப் பூட்டு போதுமே! ஐம்பது வருஷம் திறக்கக் கூடாது என்று முத்திரை வைக்கட்டும். நான் ஆட்சேபிக்க மாட்டேன். பூட்டுக்குச் சாவி உண்டு. நெருப்புக்குச் சாவி கிடையாது. தவிர, எளியவனான துப்பாளியையும் பெரிய மனிதர்களின் மானத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒளிந்துகொள்கிறார்கள்.

நெருப்பிலிருந்து தப்பியவை என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ல் கென்யாவைச் சேர்ந்த ஐந்து முதியவர்கள் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் நெருக்கடியில்தான், ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 காலனிகளிலிருந்து கொண்டுவந்த சுமார் 8,800 பைல்கள் இருப்பதை 2011-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. காலம் கடந்துவிட்டது, இனி நியாயமான விசாரணை நடத்த முடியாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. இவ்வளவு தஸ்தாவேஜுகள் இருக்கையில் விசாரணை நடத்த முடியும் என்று 2012-ல் நீதிபதி சொன்னார். 2013 ஜூன் 6-ம் தேதி வெளிநாட்டு மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, கென்யர்கள் சித்திரவதைக்கு உள்ளானதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வழக்குச் செலவு உட்பட 1 கோடியே 99 லட்சம் பவுன். 5,228 பேருக்கு உடன்பாடு. வழக்குத் தொடுத்த ஐவருள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அந்தக் கிழவர்களின் உடம்பில் தழும்பு இருந்தது. ஆனால் தழும்பு எப்படி வந்தது என்று தழும்பே சொன்னால் உலகம் நம்புவதில்லை. அவர்களுடைய வாழ்க்கையின் சாட்சி, அவர்களை வதைத்தவர்களின் அலமாரியில் இருந்தது. அப்படியானால் அந்தக் காகிதம் யாருடையது? மசி சர்க்காருடையது, கையெழுத்து அதிகாரியுடையது, ஆனால் அதில் எழுதப்பட்டிருந்தது அவர்களுடைய வலி. எழுதியவனுக்கு அது நினைவு. எழுதப்பட்டவனுக்கு அது சொத்து. வீட்டுக் கடிதத்துக்கும் சர்க்கார் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதை எரிக்கிறவன் தன்னுடையதை எரிக்கவில்லை, பிறனுடையதைத் திருடுகிறான்.

வெள்ளைக்காரனை ஏசிவிட்டுத் திருப்தியாக எழுந்துபோக இது எழுதப்படவில்லை. 1947-ல் அவர்கள் விடைபெற்றபோது டில்லியிலும் புகை எழுந்தது. அந்தப் புகை கலைந்த பிறகு அலமாரிகள் நம்முடையவை, சாவியும் நம்முடையது. 1993-ல் நம் பார்லிமெண்ட் பொது ஆவணச் சட்டம் நிறைவேற்றியது. மத்திய அரசின் ஆவணங்களை விதிக்குப் புறம்பாக அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் காகிதம் இருந்தது என்று முதலில் யாராவது நிரூபிக்க வேண்டுமே!

இன்று காகிதம் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. அழிக்கத் தீக்குச்சி வேண்டாம், புகையும் எழாது. ஆகவே காவல், சட்டத்தைவிட மனிதனிடம்தான் அதிகம் இருக்கிறது. தன் மேலதிகாரிக்கு, தன் கட்சிக்கு, தன் ஜாதிக்கு, ஏன் தனக்கே அவமானம் தரும் ஒரு பைலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா தனியாக உட்கார்ந்திருக்கிறார். அதில் பெயர் எழுதப்பட்டவன் அங்கே இல்லை. எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறான். அப்படி ஒரு பைல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்தக் குமாஸ்தா அதைப் பத்திரமாக மீண்டும் கட்டில் வைத்துக் கட்டுவாரானால், அவருக்கு யாரும் மாலை போடப் போவதில்லை. ஆனால் ஒரு தேசத்தின் மானம் அந்த நாடாவின் முடிச்சில்தான் இருக்கிறது.