தெரிவின் அறம்: யப்பானியக் கதை விளையாட்டுகளை முன்வைத்து ஒரு நோக்கு

தெரிவு என்பது அறவியலின் அடிப்படைப் பிரச்சினைகளுள் ஒன்றாகும். நன்மை, தீமை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவது பற்றியே அறநூல்கள் பெரிதும் பேசுகின்றன. ஆயின், நாளாந்த வாழ்வில் மனிதன் எதிர்கொள்ளும் தெரிவுகளுட் பல இவ்வகையின அல்ல. நல்லவை பல முன்னிற்க, அவற்றுள் ஒன்றை மட்டுமே கொள்ளக்கூடிய நிலையில் எழும் இடர்ப்பாடே அவனுக்கு அதிகம். எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்பது, எந்த நூலை முதலில் வாசிப்பது என்பன போன்ற வினாக்களில் எந்த விடையும் தீயதன்று. ஆயினும் ஒன்றைக் கொள்வது ஏனையவற்றை விடுவதாகும். இத்தகைய தெரிவின் இயல்பினை ஆராய்வதற்கு, மிகச் சிறியதாகத் தோன்றும் உதாரணம் ஒன்று பெரிதும் பயன்படும். கதையை முதன்மையாகக் கொண்ட யப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் அடுத்ததாக எதனை வாங்குவது என்ற வினாவே அது.

இவ்விளையாட்டுகளின் தோற்றம் பற்றிச் சில சொற்கள் கூறுதல் அவசியமாகும். 1986 இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ என்பதும், மறுவருடம் சுகொயர் நிறுவனம் வெளியிட்ட ‘பைனல் பாண்டசி’ என்பதும் இவ்வகைக்கு வழிவகுத்தவை. விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, நெடும்பயணம் ஒன்றினை மேற்கொண்டு, தோழர்களைச் சேர்த்து, போர் புரிந்து ஒரு கதையின் முடிவை அடைகின்றார். வீடியோ விளையாட்டாயினும் இதனை ஆழ்ந்து நோக்கின் நாவலுக்கே அண்மையில் வைத்து எண்ணத்தக்கது. 1988 பெப்ரவரி 10 ஆம் திகதி, புதன்கிழமை, ‘டிராகன் குவெஸ்ட் 3’ வெளியானபோது கடை வாயில்களில் நீண்ட வரிசைகள் நின்றன. அவ்வரிசைகளிற் பாடசாலைக்குச் செல்லாத மாணவரும் இருந்தனர். ஒரு கதையின் அடுத்த பகுதிக்காக மக்கள் இவ்வாறு காத்துநின்றமை அதன் ஈர்ப்பினைப் புலப்படுத்துகின்றது.

இன்று ஒருவர் கையில் ஒரு விளையாட்டுக்கு மட்டுமே போதுமான பணம் உள்ளதெனக் கொள்வோம். அவர் முன் மூன்று உள்ளன. 2016 இல் வெளிவந்த ‘பெர்சோனா 5’, ஒரு பெண்ணைக் காக்க முயன்றமையாற் குற்றவாளியாக்கப்பட்டு டோக்கியோவுக்கு வந்துசேரும் மாணவன் ஒருவனின் ஓராண்டு வாழ்வைக் கூறுகின்றது. 2017 இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட் 11’, உலகைக் காக்கப் பிறந்தவன் எனக் கூறப்படும் இளைஞன் அதே காரணத்தால் அரசனாற் சிறையிடப்படுவதிலிருந்து விரிகின்றது. அதே ஆண்டில் வெளிவந்த ‘நியர்: ஓட்டோமேட்டா’, மனிதரற்ற பூமியில் மனித உருக்கொண்ட இயந்திரங்களும் வேற்றுலகத்தோர் படைத்த இயந்திரங்களும் புரியும் முடிவற்ற போரைச் சித்திரிக்கின்றது, பஸ்கால் முதலிய மெய்யியலாளரின் பெயர்களை இவ்வியந்திரங்களிற் சில தாங்கி நிற்கின்றன. முதலாவது நட்பின் கதை. இரண்டாவது நம்பிக்கையின் கதை. மூன்றாவது அர்த்தத்தைத் தேடும் கதை. மூன்றும் நல்லவை. எதனைத் தெரிவது?

இது வெறும் நுகர்வு பற்றிய வினா, இதில் அறம் எங்கே உள்ளது எனச் சிலர் கேட்கலாம். இக்கூற்று விலையைப் பணமாக மட்டும் கருதுவதால் எழுவது. ‘பெர்சோனா 5’ இன் கதையை நிறைவு செய்ய ஏறத்தாழ 100 மணித்தியாலங்கள் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் எனக் கொள்ளின் 50 நாட்கள். ஒரு தவணையின் பெரும்பகுதி. பணத்தை ஓரளவேனும் மீளப் பெற வழியுண்டு. விளையாடி முடித்த பிரதிகளை விற்பது சட்டவிரோதமன்று என யப்பானிய அதியுயர் நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. அந்நாட்டின் பழைய பிரதிகளுக்கான சந்தை அதன் வழியே நிலைபெற்றது. ஆயின், செலவழித்த மணித்தியாலங்களை மீள வாங்கும் கடை எந்நாட்டிலும் இல்லை. வாழ்நாளின் ஒரு கூற்றினை எதற்குக் கொடுப்பது என்பதே இங்கு உண்மையான வினாவாகும். அது அறவியலின் வினாவன்றி வேறில்லை.

இவ்வினாவுக்கு விடைகாண மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. அறிந்தோரின் தீர்ப்பை நாடுதல் முதலாவது வழி. 1986 இல் தொடங்கப்பெற்ற ‘பாமிட்சு’ என்னும் யப்பானியச் சஞ்சிகையில் நான்கு விமர்சகர் ஒவ்வொருவரும் பத்துப் புள்ளிகளுக்கு மதிப்பிட, நாற்பதுக்கு இத்தனை என ஒரு தொகை கிடைக்கும். இம்முறைக்கு மெய்யியல் ஆதாரமும் உண்டு. இருவகை இன்பங்களையும் அனுபவித்து அறிந்தோர் எதனை மேலானதென விரும்புவரோ அதுவே மேலானது என யோன் ஸ்ருவாட் மில் 1861 இல் வாதிட்டார். ஆயின், இத்தீர்ப்பு ஒரு படைப்பின் தரத்தைக் கூறுமேயன்றி, இன்னாருக்கு இவ்வேளையில் அது தகுமா என்பதைக் கூறாது. நட்பையும் அர்த்தத் தேடலையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாதெனின், முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எதனைச் சுட்டுகின்றது?

நண்பரிடம் கேட்டறிதல் இரண்டாவது வழி. இங்கு விசித்திரமானதோர் இக்கட்டு எழுகின்றது. கதையின் பெறுமதியை அறிய வேண்டுமாயின் கதையை அறிய வேண்டும். அறிந்துவிட்டாலோ அப்பெறுமதியின் ஒரு பகுதி அழிந்துவிடும். மூன்று இறுவட்டுகளாக 1997 இல் வெளிவந்த ‘பைனல் பாண்டசி 7’ இல், முதலாம் இறுவட்டின் முடிவில் நிகழும் மரணம் ஒன்று அதனை விளையாடியோர் பலரின் நெஞ்சை உலுக்கியது. இறந்தது யார் என்பதை முன்னரே கேட்டறிந்தவர் அவ்வதிர்ச்சியை என்றும் பெறமாட்டார். அப்பெயர் இங்கும் தவிர்க்கப்படுவது அதனாலேயாம். இதற்கு மறுப்பும் கூறலாம். 1748 இல் பொம்மை நாடகமாக அரங்கேறிய ‘சூசிங்குரா’வின் கதையை, நாற்பத்தேழு வீரரின் பழிவாங்கலை, அறியாத யப்பானியர் அரியர், எனினும் அது இன்றும் நடிக்கப்படுகின்றது. முடிவு தெரிந்த கதையும் சுவை தரும் என்பது உண்மையே. ஆயின் அறிந்து அனுபவித்தல் ஒரு சுவை. அறியாது அனுபவித்தல் பிறிதொரு சுவை. பின்னையது ஒருமுறையே வாய்ப்பது.

தன் கடந்தகாலச் சுவையை வழிகாட்டியாகக் கொள்வது மூன்றாவது வழி. முன்னர் பிடித்ததை ஒத்த ஒன்றையே அடுத்தும் வாங்குதல் இதன் இயல்பு. இது பாதுகாப்பானது, ஆனாற் குறுகியது. சில அனுபவங்கள் அவற்றை மேற்கொள்பவரின் விருப்பங்களையே மாற்றிவிடுவன என்றும், அத்தகைய அனுபவத்தை முன்னைய விருப்பங்களால் மதிப்பிடல் இயலாதென்றும் அமெரிக்க மெய்யியலாளர் எல். ஏ. போல் 2014 இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். நல்ல கதை ஒன்று சிறிய அளவிலேனும் இத்தகையதே. ‘நியர்: ஓட்டோமேட்டா’வை முடித்தவர், அதனை வாங்கும்போதிருந்த அதே மனிதராக இருப்பது அரிது. எனவே, வாங்குபவர் தமக்காக வாங்குகின்றார் என்பதிலும், தாம் ஆகவிருக்கும் இன்னொருவருக்காக வாங்குகின்றார் என்பதே பொருந்தும்.

மூன்று வழிகளும் பயன்தருவன. எனினும் ஒன்றும் முற்றாகப் போதியதன்று. இவ்விடத்து, இவ்வகை விளையாட்டின் சிறப்பியல்பு ஒன்றினை நோக்குதல் வேண்டும். 1997 இல் வெளிவந்த ‘போல்அவுட்’ போன்ற அமெரிக்க விளையாட்டுகள் கதையின் போக்கினையே மாற்றும் உரிமையை விளையாடுபவருக்குப் பெருமளவில் அளிக்க, யப்பானிய மரபோ கதையைப் பெரும்பாலும் முன்னரே முடிவுசெய்து வைத்திருக்கின்றது. முதலாவது ‘டிராகன் குவெஸ்ட்’டில் இளவரசி தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுவாள். மறுத்தால் மீண்டும் அதையே கேட்பாள். ஆம் என்னும் வரை கேட்டுக்கொண்டேயிருப்பாள். 1995 இல் வெளிவந்த ‘குரோனோ டிரிகர்’ இதனினும் ஆழமானது. திருவிழாவிலே முதியவர் ஒருவரின் உணவை எடுத்துண்டமை, வழிதவறிய பூனையைச் சிறுமியிடம் சேர்த்தமை போன்ற செயல்கள் பின்னர் நீதிமன்றில் சாட்சியங்களாக எழுகின்றன. கதாநாயகன் குற்றவாளியா அல்லனா என்பதை அவை தீர்மானிக்கும். ஆயின் தீர்ப்பு எதுவாயினும் அவன் சிறை செல்வது தவிராது. செயல் மனிதனின் இயல்பைக் காட்டும். விதியை மாற்றாது என்பதே இக்காட்சியின் உட்பொருள் எனலாம். பல முடிவுகளைக் கொண்ட விளையாட்டுகளும் உளவேனும், நெடும்பாதை பெரிதும் ஒன்றே.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கதையினுள் நுழைந்த பின் விளையாடுபவருக்குள்ள சுதந்திரம் சிறிது. அவருடைய பெருஞ்சுதந்திரம் வாயிலிலேயே உள்ளது. எந்தக் கதைக்குத் தம்மை ஒப்படைப்பது என்பதே அவர் செய்யும் முதன்மையான தெரிவு. அதன்பின் அவர் செய்வது பெரிதும் கேட்டலும் உடன்செல்லலுமே. இவ்வகையில் இத்தெரிவு பொருள் ஒன்றைக் கொள்வதை ஒத்ததன்று. ஒருவருக்கு வாக்குக் கொடுப்பதையே ஒத்தது. ‘பெர்சோனா 5’ இவ்வுண்மையைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. அதில் நாட்காட்டி இடையறாது நகர்கின்றது. பாடசாலை விட்ட பின்னுள்ள மாலைப்பொழுதை ஒரு நண்பரோடு கழித்தால் அதே மாலையை இன்னொருவரோடு கழிக்க இயலாது. நட்பு என்பது உணர்ச்சி மட்டுமன்று, நேரத்தைக் கொடுத்தலுமாம் என்பதை அது கணக்காகவே காட்டுகின்றது. அவ்விளையாட்டைத் தெரிபவரும் தம் மாலைகளை அவ்வாறே கொடுக்கின்றார்.

வாங்கியும் விளையாடாது குவித்து வைக்கும் வழக்கம் இவ்விடத்திற் சிந்திக்கற்பாலது. வாசிக்கப்படாது குவியும் நூல்களைக் குறிக்க யப்பானிய மொழியில் ‘சுந்தொகு’ என்னும் சொல் உண்டு. குவிந்துகிடக்கும் விளையாட்டுகளைக் குறிக்கவும் அதேபோன்றதொரு சொல் அங்கு தோன்றியுள்ளது. மிகச்சிறந்ததைத் தவறவிடக்கூடாதென்ற அச்சமே பெரும்பாலும் இக்குவியலின் தோற்றுவாய். எல்லாவற்றையும் வாங்குவதன் மூலம் எதனையும் தெரியாதிருக்க மனிதன் முயல்கின்றான். 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேர்பேட் சைமன், மனித அறிவின் எல்லையைக் கருத்திற்கொண்டு, உச்சமானதைத் தேடுவதை விடுத்துப் போதுமானதைக் கண்டதும் அமைதலே மனிதர் உண்மையிற் கையாளும் முறையென விளக்கினார். மூன்று நல்ல கதைகளுள் எது மிகச்சிறந்தது என மாதக்கணக்கில் ஆராய்பவர், அவற்றுள் ஒன்றை முடித்திருக்கக்கூடிய காலத்தை ஆராய்ச்சியிலேயே இழக்கின்றார்.

வாக்குக் கொடுத்தல் எனின், பிடிக்காத கதையையும் நூறு மணித்தியாலம் சுமக்க வேண்டுமா என்ற ஐயம் எழலாம். அவ்வாறன்று. கொடுத்த விலைக்காக மட்டும் தொடர்வது பற்றுறுதியாகாது, அது அடிமைத்தனம். ஆயின், முதற் சலிப்பிலேயே கைவிடுவதும் நீதியன்று. ‘நியர்: ஓட்டோமேட்டா’வில் முதலாவது முடிவு உண்மையான முடிவன்று, அதன்பின் அதே நிகழ்ச்சிகள் பிறிதொரு பாத்திரத்தின் கண்களூடாக மீளக் காட்டப்படுகின்றன. அங்கேயே நிறுத்தியவர் அக்கதையைத் தீர்ப்பிடத் தகுதி பெற்றவராகார். ஒரு படைப்பு தன் கருத்தைச் சொல்லி முடிப்பதற்கு நியாயமான அவகாசம் அளித்தல் கேட்பவரின் கடமை. அவ்வவகாசத்தின் பின் விலகுதல் அவரது உரிமை.

ஆகவே, ‘எது சிறந்தது?’ என்ற வினாவை, ‘எதற்கு இப்போது முழுமையாகச் செவிகொடுக்க இயலும்?’ என்ற வினாவாக மாற்றியமைத்தலே பொருத்தமுடையது. ஆறு வாரத்திற் பரீட்சையை எதிர்நோக்குபவர் ‘பெர்சோனா 5’ஐ ஒத்திவைத்தல் தகும், அது தாழ்ந்ததென்பதனால் அன்று, அது கேட்கும் மாலைகள் அவரிடம் இல்லை என்பதனால். துயருற்றிருப்பவருக்கு ‘டிராகன் குவெஸ்ட் 11’ இன் எளிய நம்பிக்கை துணையாகலாம். உள்ளம் உறுதியாயிருக்கும் வேளையில் ‘நியர்’ எழுப்பும் கடினமான வினாக்களை எதிர்கொள்ளலாம். தெரிவு செய்யும் கணத்தில் அது சரியான தெரிவா என்பதை எவரும் அறியார். எதிர்வரும் ஐம்பது மாலைகளில் அதற்குக் கொடுக்கப்படும் கவனமே அதனைச் சரியான தெரிவாக ஆக்கும். பாடத்தைத் தெரிவு செய்யும் மாணவனுக்கும், நூலைத் தெரிவு செய்யும் வாசகனுக்கும் இவ்வுண்மை பொருந்தும். விடப்பட்ட நன்மைகளை எண்ணி வருந்துவதிலன்று, கொண்ட நன்மைக்கு உண்மையாயிருத்தலிலேயே தெரிவின் அறம் தங்கியுள்ளது.