முதலில் இடம், பிறகு ஸ்பானர்

பழைய பிக்கப் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதிர்கிறதா? உடனே பாகங்களை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரங்களை முதலில் பாருங்கள். இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களை, புரொப்பெல்லர் ஷாஃப்டை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க், டிரம். வெறிச்சோடிய நேர்சாலையில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தும் அதே வேகத்தில் அதிர்வு நிற்கவில்லையா? இன்ஜின்மீது பழி போடாதீர்கள். ரிம்மின் உட்புறம் காய்ந்த சேறுகூடச் சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும். ஷாஃப்டைக் கழற்றுமுன் நல்ல மெக்கானிக் அடையாளக் கோடு போடுவார். அதே வாக்கில் மாட்டினால்தான் சீராகச் சுழலும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். எந்தச் சிக்கலிலும் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம். அதற்குச் செலவாகும் பொறுமை ஒருநாளும் வீண்போகாது.