சொல்லாதீர்கள் என்று குழந்தை கேட்டால்

“ஒன்று சொல்கிறேன் டீச்சர். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்.”

வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பின், மேசையருகே தயங்கி நிற்கும் ஒரு மாணவி இவ்வாறு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை என்ன விடை கூறுவது? ‘சரி’ என்றால், காக்க இயலாத வாக்கைக் கொடுத்துவிடக்கூடும். ‘முடியாது’ என்றால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும், ஒருவேளை என்றென்றைக்குமாக. பள்ளி தன் பிள்ளைகளைத் தீங்கினின்று எவ்வாறு காக்கும் என்னும் பெரிய வினா, இந்தச் சிறு பொழுதில்தான் அடங்கியிருக்கிறது.

பள்ளியின் சுற்றுச்சுவரை உயர்த்தினோம், வாயிலில் காவலரை நிறுத்தினோம், கேமராக்களையும் பொருத்தினோம். யாவும் தேவையானவையே. ஆனால் தீங்கு எப்போதும் சுவரேறிக் குதித்து வருவதில்லை. நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் பேசினர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை எவரிடமும் சொல்லவில்லை என்பதே நம்மை மிகவும் உறுத்த வேண்டிய செய்தி. பின்னர் 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட, பாடம் கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்தது. முன்பின் அறியாதவர்களும் அதே வழியில் உள்ளே நுழைந்தனர்.

குழந்தை ஏன் சொல்வதில்லை? கைப்பேசியில் பழகியவன் படத்தைக் கேட்டு வாங்கி, பிறகு அதை வைத்தே மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் முதலில் அடி விழும்; அடுத்து கைப்பேசி பறிபோகும்; அதற்கடுத்து படிப்பே நின்றுவிடும் என்று அவள் அஞ்சுகிறாள். மிரட்டுபவன் முதலீடு செய்திருப்பதெல்லாம் இந்த அச்சத்தில்தான். தீங்கு செய்பவர் வீட்டிலேயே இருந்தாலோ, பாரம் இன்னும் கூடுகிறது. ‘சொன்னால் அப்பா சிறைக்குப் போவார், அம்மா சோற்றுக்கு என்ன செய்வாள்?’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கணக்குப் போடுகிறது. பெற்றோரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையும் அதன் நினைவுக்கு வருகிறது. தீமைக்கு உடன்படுமாறு அக்கட்டளை எந்தப் பிள்ளையையும் பணிப்பதில்லை என்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இங்கே நமது தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், பங்குப் பள்ளி ஆசிரியை ஒருவர், உறவினர் ஒருவரால் துன்புறும் மாணவியைப் பற்றி நம்மிடம் வந்து சொன்னார். குடும்ப மானம் போய்விடக்கூடாது என்று கருதினோம். பெரியவர்களை அழைத்துப் பேசினோம். அந்த மனிதர் தலைகுனிந்து, இனித் தவறு செய்யமாட்டேன் என்றார். காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அடுத்த ஆண்டு அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. எங்கே சென்றாள் என்று நாம் விசாரிக்கவும் இல்லை. மானத்தைக் காத்தோம் என்று எண்ணினோம், யாருடைய மானத்தை?

அன்று நாம் அறியத் தவறிய வேறுபாடு ஒன்று உண்டு. மறைத்தல் வேறு, அடக்கம் காத்தல் வேறு. குழந்தையின் பெயரும் கண்ணீரும் ஆசிரியர் அறைப் பேச்சாகிவிடாமல் காப்பது அடக்கம். அது குழந்தைக்கு உரிய கடன். நடந்த தீங்கை மூடி வைப்பதோ மறைத்தல். அதன் பயன் முழுவதும் தீங்கு செய்தவனையே சேரும்.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டமும் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. அதே சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவரையும் காக்கிறது. அடி, பட்டினி, கைவிடப்படுதல் போன்ற பிற துன்பங்களுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணும் மாவட்டக் குழந்தை நலக் குழுவும் உள்ளன.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அவர்களை மீறிச் செல்லப் பள்ளிக்கு உரிமை உண்டா எனச் சிலர் கேட்கலாம். அந்த உரிமை பிள்ளையின் நலத்திலிருந்து பிறந்தது. பிள்ளையையே நசுக்க அதைப் பயன்படுத்த இயலாது. எனினும் வறுமையைக் குற்றமாக்கிவிடக் கூடாது. துவைக்காத சீருடையோடு வரும் பிள்ளையின் வீட்டுக்குப் புகாரை அனுப்புவதற்கு முன், அங்கு என்ன இல்லை என்று போய்க் கேட்போம்.

ஒன்றை மறவாதிருப்போம். அஞ்சும் இடத்தில் குழந்தை பேசாது. பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் கொடுமையையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. காலையில் பிரம்பெடுத்தவரிடம் மாலையில் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? தீங்கு செய்தவர் ஆசிரியராக, ஏன், நம்மைப் போன்ற அருட்பணியாளராகவே இருந்தாலும் அளவுகோல் ஒன்றே. திருச்சபை இதைத் தாமதமாகவே கற்றுக்கொண்டது. குருக்களும் துறவியரும் இத்தகைய கொடுமையை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பது கடமை என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கினார். நாட்டின் சட்டம் கேட்கும் கடமை அதனால் குறைவதில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் மீற இயலாததுதானே என்று நம்மைக் கேட்போர் உண்டு. ஆம், ஆனால் அங்கும் குரு அந்தப் பிள்ளையிடம், ‘இதை வெளியே நம்பிக்கையானவரிடம் சொல், நீ குற்றவாளி அல்ல’ என்று எடுத்துரைக்கலாம். ஆசிரியருக்கோ அத்தகைய முத்திரை கிடையாது.

இனி அந்த மேசைக்குத் திரும்புவோம். ஆசிரியை சத்தியம் செய்ய வேண்டாம். இப்படிச் சொல்லட்டும்: “இதோ பாரும்மா, நீ சொல்வது வேண்டாதவர் காதுக்குப் போகாது. ஆனால் உனக்குத் தீங்கு நடக்கிறதென்றால், உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் நான் சொல்லியே ஆகவேண்டும். அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். உன்னைத் தனியாக விடமாட்டேன்.”

இதைக் கேட்டு அவள் அன்று பேசாமலே போகவும் கூடும். அந்த வேதனையை ஆசிரியை தாங்கத்தான் வேண்டும். பொய்ச் சத்தியத்தால் அவளைப் பேசவைத்து, பின்னர் அதை உடைத்தால், அவள் இனிப் பெரியவர் எவரையுமே நம்பமாட்டாள். உண்மை சொன்னவரிடம் மறுநாளாவது திரும்பி வர வழி இருக்கும். அவள் வரும்போது அந்த நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அதுவே பள்ளி அவளுக்குச் செய்யக்கூடிய முதற் காவல்.