மழை பொதுவா?

மழைக்குச் சாதி கிடையாது, எல்லாருக்கும் பொதுவாத்தான் பெய்யுது என்பார்கள். பெய்வது பொதுதான். விழுகிற இடம்? ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் நாள்கணக்கில் பெய்ய வேண்டியது ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கெங்குவார்பட்டி. ஐப்பசி அடைமழையில் சம்சாரிக்குக் கிணறு ஊறும். கூலிக்காரனுக்கு வேலை நிற்கும். அடைமழை போய்க் கொட்டுமழை வந்தால் கிணறும் ஊறாது, கூலியும் கிடையாது. மூழ்கிய பயிருக்கு நிவாரணம் கேட்கலாம். களையெடுக்கப் போகிறவளின் போன கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்ததும் குப்பை அள்ள வெளிமாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரென்று நான் சொல்ல வேண்டுமா?

வானத்தைச் சூடாக்கியது சேரிச் சனத்தின் அடுப்புப் புகையா? நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துச் சொகுசாக வாழ்ந்தவர்கள் வாங்கிய கடன் அது. "எல்லாரும் சேர்ந்து தாங்கிக்குவோம்" என்கிறவர்களைக் கேட்கிறேன்: சுகத்தில் பங்கில்லாத எங்களைச் சேதத்தில் மட்டும் எப்படிப் பங்காளியாக்கினீர்கள்? மழையைப் பொதுவென்று சொல்லுமுன் மேட்டைப் பொதுவாக்குங்கள்.