எந்த நேரத்தில் சமம்?

இரண்டு மில்லிமீட்டர். ஸ்கேலில் இரண்டு சின்னக் கோடு. என் தங்கையின் இடது மேலிமை வலதைவிட அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்தே அப்படி. மருத்துவத்தில் இதற்கு டோசிஸ் என்று பெயர். அவள் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவள். "மேடத்துக்குத் தூக்கம் வருது போல" என்று வாரத்துக்கு ஒருத்தராவது சொல்லிவிடுவார். இருபத்தொன்பது வயதில், போதும், ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தாள். எந்த முறையில் செய்வது என்பதில்தான் இழுபறி. அண்ணன் என்கிற முறையில் இரண்டு டாக்டர்களிடம் நானும் கூடப் போனேன்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சரிசெய்யச் சொன்னாலும், "சரின்னா என்ன? எந்த நிலைக்கு வந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்?" என்று முதலில் கேட்பான். இமை விஷயத்தில் அந்தக் கேள்வி என்னை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் அளவு. டார்ச் அடித்தால் கண்மணியின் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அங்கிருந்து மேலிமையின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பொதுவாக 4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தங்கைக்கு வலது 4, இடது 2. அப்படியானால் இடதை 4க்குத் தூக்கினால் கணக்கு முடிந்தது. நான் அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் இடது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப வலது கண்ணைப் பாருங்க" என்றார். வலது இமை தானாகவே இறங்கியது. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி இது: ஜோடியாக வேலை செய்யும் கண் தசைகள் இரண்டுக்கும் மூளை சம அளவில்தான் கட்டளை அனுப்பும். அவர் பேசியது விழியை அசைக்கும் தசைகளைப் பற்றி. இமையைத் தூக்கும் தசைக்கும் அது பொருந்தும் என்று பிற்பாடு கண்டார்கள். இடது இமை சோர்ந்திருப்பதால் மூளை கூடுதலாக உந்துகிறது. அந்தக் கூடுதல் வலதுக்கும் போகிறது. தேவையில்லாமலே வலது கண் அகலத் திறக்கிறது.

அதாவது, இருபத்தொன்பது வருடமாக நாங்கள் 'நல்ல கண்' என்று சொல்லிக்கொண்டிருந்தது, மற்றக் கண்ணுக்காகச் சேர்த்து உழைத்துக்கொண்டிருந்த கண். இடதை 4க்குத் தூக்கினால் வலது இறங்கி, கோணல் அந்தப் பக்கம் போய்விடலாம். குறை இடது இமையில் இருக்கிறது என்பது தசையைப் பற்றிய உண்மைதான். ஆனால் கோணல் இடது இமையில் இல்லை. அது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் ரெண்டு பிள்ளைகளில் ஒன்றை 'சமத்து' என்றும் இன்னொன்றை 'தறுதலை' என்றும் சொல்லும்போது, அந்தச் சமத்து எதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

அடுத்தது முறை. இமையை உள்பக்கமாகத் திருப்பி, முல்லர் தசை என்கிற சின்னத் தசையைக் குறுக்குவது ஒன்று. தோலில் தழும்பே இருக்காது. ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். இமை நன்றாக எழுந்தால் இந்த முறை பலிக்க வாய்ப்பு உண்டு. தங்கைக்குப் பெரிதாக எழவில்லை. இரண்டாவது, இமை மடிப்பிலேயே கீறி, லெவேட்டர் என்கிற முக்கியத் தசையைக் குறுக்கித் தைப்பது. தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். தசையில் ஓரளவு பலம் இருந்தால்தான் இது. பலம் மிகவும் குறைவாக இருந்தால் மூன்றாவது: சிலிக்கான் இழையாலோ தொடையிலிருந்து எடுத்த பட்டையாலோ இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவது. புருவத்தை உயர்த்தினால் இமை எழும். இதை ஸ்லிங் என்கிறார்கள்.

தங்கைக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு குறுக்குவது என்பதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர், முழு மயக்கம் கொடுத்து முன்கூட்டியே போட்ட கணக்குப்படி செய்துவிடலாம் என்றார். இன்னொருவர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நடுவில் உட்காரவைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத் தைப்பேன் என்றார். நான் உடனே இரண்டாமவர் பக்கம் சாய்ந்தேன். கண்ணெதிரே சோதித்துப் பார்ப்பதுதானே நம்பகமானது? அவரே அதற்கும் ஒரு முட்டுக்கட்டை போட்டார். ஊசி மருந்து லெவேட்டரைக் கொஞ்சம் தளர்த்தும், அதில் கலந்திருக்கும் அட்ரினலின் முல்லர் தசையைக் கொஞ்சம் தூக்கும், வீக்கம் வேறு இருக்கும். மேசையில் பார்ப்பதும் முழு நிஜம் இல்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. பிறவியிலேயே இப்படி இருக்கிற தசை, சுருங்குவதில் மட்டும் சோடை இல்லை, தளர்வதிலும் சோடை. அதைக் குறுக்கித் தைத்தால் நேராகப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சமமாக இருக்கும். கீழே பார்க்கும்போது வலது இமை இறங்கும், இடது பாதியில் நின்றுவிடும். தூங்கும்போது இடது கண் முழுசாக மூடாமல் கீற்றாகத் திறந்திருக்கலாம். முதல் சில வாரம் இரவில் களிம்பு போட்டுக்கொள்ள வேண்டும். தூக்க அளவு கூடக்கூட இதுவும் கூடும்.

ஆக, 'சமமான கண்கள்' என்று ஒரு நிலையே இல்லை. நேராகப் பார்க்கும்போது சமம், குனிந்து பணம் எண்ணும்போது சமம், தூங்கும்போது சமம் என்று தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒன்றை வாங்கினால் இன்னொன்றைக் கொஞ்சம் விற்க வேண்டும். ஆபரேஷன் தேர்ந்தெடுப்பது நேர்ப்பார்வையை. அதாவது, எதிரில் ஒருவர் நிற்கும் நேரத்தை. போட்டோ எடுக்கும் நேரத்தை. பெண் பார்க்க வருகிற நேரத்தை என்றும் சொல்லலாம். எங்கள் பெரியம்மா சொன்னார்.

சமத்துவத்துக்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் இமை மோசமாக இறங்கியிருக்கும் குழந்தைக்கு, அந்தப் பக்கம் மட்டும் ஸ்லிங் போட்டால் பல நேரம் சரியாக வராது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் புருவத்தை உயர்த்த வேண்டிய அவசியம் குழந்தைக்கு இல்லை. 1965இல் குரோவெல் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார்: நல்ல இமையின் தசையையும் செயலிழக்கச் செய்து, இரண்டு பக்கமும் ஸ்லிங் போட்டுவிடலாம். நல்லதைக் கெடுத்துச் சமமாக்குவது. நல்ல தசையை வெட்டாமலே இரண்டு பக்கமும் கட்டலாம் என்று பிறகு திருத்தினார்கள்.

டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1991இல் ஆற்றிய ஓர் உரையில் சமத்துவவாதிகளை மடக்கக் கேட்ட கேள்விகளில் ஒன்றும் கண்ணைப் பற்றியதுதான். சமத்துவம் தன்னளவிலேயே நல்லது என்றால், பார்வை உள்ளவர்களையும் குருடாக்கிவிட்டால் ஒரு விதத்தில் உலகம் மேம்பட்டது என்று சொல்ல வேண்டி வருமே? யாருக்கும் எதுவும் கிடைக்காத மட்டம்தட்டலை எப்படி நல்லது என்பீர்கள்?

பியர்ட் செய்ததும் மட்டம்தட்டல்தான். ஆனால் பார்ஃபிட்டின் வாதம் அப்படியே இங்கே ஒட்டாது. அங்கே இழப்பவர் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் இன்னொருவர். இரண்டு இமைகளும் ஒரே ஆளுடையவை. வலது இமை "எனக்கு அநியாயம்" என்று சொல்லப்போவதில்லை. இழப்பும் லாபமும் ஒரே வீட்டுக்குள். அப்படியும் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் இமையைப் பயன்படுத்துவது குழந்தை, சமச்சீரைப் பயன்படுத்துவது பார்க்கிறவர்கள். வளர்ந்த ஒருத்தி யோசித்து, எனக்கு இதுதான் வேண்டும் என்றால் நான் மறுக்கமாட்டேன். மூன்று வயதுக் குழந்தைக்காக அப்பா அம்மா சொன்னால் தயங்குவேன்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப அழகெல்லாம் மனசுலதான், விட்டுடச் சொல்லுங்க" என்று யாராவது கிளம்பினால் அதுவும் எனக்கு ஏற்பில்லை. அது சொல்பவருக்குச் செலவில்லாத அறிவுரை. தன் கண்ணைத் தான் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லையே. ஒரு நாளைக்கு எண்பது பேர் எதிரில் வந்து நிற்கிற வேலையில், மற்றவர் பார்வை என்பது வெளியே இருக்கும் விஷயம் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் இதே குழப்பம். மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதித் தந்தால் ஒரு பேச்சு, அழகுக்காக என்றால் பணம் கிடையாது. தங்கையின் இமையை பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டியும் ஒட்டாமலும் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. "நோய்னு ஒரு சர்ட்டிஃபிகேட் கிடைச்சாதான் நான் ஆசைப்படலாமாண்ணா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சேமிப்பிலிருந்து கட்டுகிறாள்.

அவள் முடிவெடுத்த விதம் நான் எதிர்பார்க்காதது. டாக்டரிடம் போய், உட்காரவைத்துப் பார்க்கும் முறையே இருக்கட்டும், ஆனால் முழுச் சமத்துக்குப் போகாதீங்க, அரை மில்லிமீட்டர் குறைவாகவே நிறுத்துங்க என்றாள். கவுண்டரில் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தைவிடக் குனிந்திருக்கும் நேரம்தான் அதிகம் என்று அவளே ஒரு நாள் கவனித்திருக்கிறாள். அரை மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். கண்டுபிடிக்கிற அளவு உற்றுப் பார்க்கிறவர், அதைச் சொல்லக்கூடியவராகவும் இருந்தால் பரவாயில்லையாம்.

மார்ச் கணக்கு முடித்தபிறகு, ஏப்ரலில் தேதி வாங்கியிருக்கிறாள். பெரியம்மாவுக்குத் தழும்பு தெரியுமா என்பதுதான் கவலை. அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: தூங்கும்போது அந்தக் கண் எவ்வளவு திறந்திருக்கும்? ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம் என்றார் டாக்டர். களிம்பை எத்தனை மணிக்குப் போட வேண்டும், ஃபேன் காற்று நேராகப் படலாமா என்று அம்மா கேட்டுக் குறித்துக்கொண்டாள்.