எலும்புக்கூடும் பெயரும்

சுங்கை புரோங் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக இருந்த நாளில், மாதம் ஒருமுறை திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கழிகளுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். லயத்து மக்கள் பாயும் சாக்கும் கொண்டுவந்து இடம் பிடிப்பார்கள். தமிழ்ப் படம் கிடைக்காத ஒரு மாதம் ஆங்கிலக் கௌபாய் படம் வந்தது. அதன் பெயர் நினைவில் இல்லை. பொன் தேடிப் பாழடைந்த சுரங்கத்துள் நுழையும் ஒருவன்மேல் எலும்புக்கூடு ஒன்று சரிந்து விழும் காட்சி மட்டும் மறக்கவில்லை. திடலே அலறியது, மறுகணம் சிரித்தது. என் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ! எடுத்துப் பொதைக்கக்கூட ஆளில்லாம போச்சே" என்றார்.

அவருடைய தம்பி 1943இல் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை.

மனித எலும்பைக் காட்டி மகிழ்விப்பது முறையா என்ற வினாவைப் பாட்டி எழுப்பியதாக அன்று நான் அறிந்தேனில்லை. அமெரிக்க மேற்கு எல்லைப்புறக் கதையோடு பேய்க்கதையைக் கலப்பது பழைய வழக்கந்தான். 1966இலேயே பில்லி தி கிட் என்னும் கொள்ளையனை டிராகுலாவோடு மோதவிட்டுப் படம் எடுத்தார்கள். பெரும்பாலானவை பொழுதுபோக்கு, அவற்றின்மேல் அறநூலைத் தூக்கி வீசுவது வீண் வேலை. பயந்து சிரிப்பதும் மனித இயல்பே.

ஆயினும் அவற்றுள் ஒன்று என்னை உறுத்துகிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'ஹை பிளெயின்ஸ் டிரிஃப்டர்' 1973இல் வெளிவந்தது. காவல் அதிகாரி ஒருவரைக் கொலையாளிகள் சாட்டையால் அடித்தே கொல்கின்றனர்; ஊரார் அதனை வாய்மூடி வேடிக்கை பார்க்கின்றனர். பின்னர் அவ்வூருக்கு அந்நியன் ஒருவன் வருகிறான். அவன் மனிதனா, ஆவியா என்பதைப் படம் உறுதியாகச் சொல்வதில்லை. ஊரையே சிவப்புச் சாயம் பூசவைத்து, நரகமென்று பெயரும் சூட்டுகிறான். கடைசியில் ஒருவன் அந்த அதிகாரியின் பெயரைக் கல்லறையில் செதுக்குகிறான். அந்நியன் கானலில் மறைகிறான். அங்கே அச்சம் எலும்பிலிருந்து பிறப்பதன்று. பெயரின்றிப் புதைக்கப்பட்டதிலும், பார்த்துக்கொண்டு நின்றவர்களின் மௌனத்திலும் பிறப்பது.

கற்பனையை விஞ்சும் உண்மை ஒன்றும் உண்டு. எல்மர் மெக்கர்டி என்னும் இரயில் கொள்ளையன் 1911இல் ஒக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். பதப்படுத்திய உடலைக் கோர யாரும் வரவில்லை. பின்னர் உறவினர் என்று பொய் சொல்லி வாங்கிச் சென்றவர்கள் அதனைக் காட்சிப் பொருளாக்கினர். பல்லாண்டு ஊர் ஊராகக் கைமாறியபின், அது பொம்மை என்றே எல்லாரும் நம்பிவிட்டனர். 1976இல் கலிபோர்னியாவின் லோங் பீச் கேளிக்கைப் பூங்காவில் தொலைக்காட்சிப் படப்பிடிப்பு நடந்தபோது, தொங்கிய பொம்மையின் கை ஒடிந்தது. உள்ளே மனித எலும்பு! 1977இல்தான் அவனுக்குப் புதைகுழி கிடைத்தது. கொள்ளையனாயினும் என்ன? அறுபத்தைந்து ஆண்டுகளாகச் சிரித்துச் சென்றவர்களுள் பாட்டியைப் போல் கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

நம் எல்லைப்புறம் வடக்கே, சயாம்–பர்மா காட்டில் இருந்தது. 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 90,000 வரை என்றும், அதற்கும் மேல் என்றும் மதிப்பிடுவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். காலரா கண்ட முகாமில் யார் யாரை எரிப்பது? காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் முறையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெயர் பொறித்த வரிசைகள், வெட்டிய புல். நம்மவருக்கோ 1990இல் அதே ஊரில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புக் குவியல் போன்றவைதாம் எஞ்சின. உலகப் புகழ்பெற்ற 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வந்தது; தமிழர் வாழும் இலங்கையிலேயே படமாக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளியின் கதை அதில் இல்லை. 2023இல்தான் காஞ்சனபுரிப் புத்தர் கோயில் வளாகமொன்றில் தமிழர்க்கு நடுகல் எழுந்தது.

அண்மையில் இளம் எழுத்தாளர் ஒருவர், "சயாம் காட்டை வைத்துப் பேய்ப்படம் எடுத்தால் என்ன, ஐயா?" என்று கேட்டார். உடனே மறுக்கத்தான் வாயெடுத்தேன். பிறகு அந்தச் சிவப்பூரின் கல்லறை நினைவுக்கு வந்தது. எடுங்கள் என்றேன், ஆனால் எழுந்துவரும் எலும்புக்கூட்டுக்கு ஒரு தோட்டம், ஒரு தாய், ஒரு பெயர் இருக்கட்டும் என்றேன். பார்ப்பவர் அலறட்டும், அலறியபின் சிரிக்க முடியாமல் போகட்டும். அவர் முகம் சுருங்கிற்று. அப்படியானால் படம் ஓடாதே என்று எண்ணினார் போலும்.

பாட்டிக்குத் தம்பி இறந்த நாள் தெரியாது. ஆகையால் ஆடி அமாவாசையன்று அவருக்கும் ஓர் இலை போடுவார். சோற்றின்மேல் குழம்பை ஊற்றுமுன், வாசற்பக்கம் திரும்பி அவர் பெயரை உரக்கச் சொல்லி அழைப்பார். சிறுவர் நாங்கள், யாராவது வந்துவிடுவார்களோ என்று அஞ்சி வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம்.